முதற் குளிரில் ஒரு போர்வை

(வானொலி மறையுரை: புனித மார்ட்டின் திருநாள் வாரம்)



நவம்பர் முதல் ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தோம். வழக்கம்போல அன்றும் சிலர் சுவர் மணிக்கூட்டை நம்பி, காலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முந்தி வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது ஊர் இருட்டிக் கிடந்தது. ரொறன்ரோவில் பல வருடம் வாழ்ந்தவர்களுக்கே அந்த முதல் திங்கட்கிழமை மாலை நெஞ்சை ஏதோ ஒன்று அழுத்தும். இந்தக் கோடையில் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்படி வந்த ஒரு மாணவி பங்குமனைக்கு வந்து கேட்டாள்: “பாதர், இன்னும் ஸ்னோவே கொட்டேல்லை. அதுக்குள்ளை ஏன் இப்பிடி இருக்கு?”

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வைத்தியரா குருவானவரா என்று நேயர்கள் யோசிக்கலாம். இருவருமே சொல்ல வேண்டும் என்பது நமது எண்ணம். மனித உடலை எடுத்துக்கொண்ட கடவுளை வழிபடுகிறவர்கள் நாம். உடல் நடுங்குவதைப் பற்றிய பேச்சை ஆலயத்துக்கு வெளியே வைத்துவிட்டு வரவேண்டியதில்லை.

முதலில் வெளிச்சத்தின் கணக்கைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் பதினொன்றரை மணி நேரம் உண்டு. மிக நீண்ட பகலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதனால் ஊரில் சூரியன் எப்போது மறையும் என்று நாம் யோசித்ததே இல்லை. திருந்தாதி மணி அடிக்கும், பிள்ளைகள் கைகால் முகம் கழுவிக்கொண்டு செபமாலைக்கு இருப்பார்கள். ரொறன்ரோவோ ஏறத்தாழ 44 பாகை வடக்கே இருக்கிறது. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், ஜூன் மாதத்தில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீண்ட பகல் டிசம்பர் 21 அளவில் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது. நவம்பர் நடுவில் ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைந்துகொண்டே போகும். டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும்.

இதோடு நமக்குள்ளே வேறொரு பஞ்சாங்கமும் ஓடுகிறது. கார்த்திகை என்றால் நமக்கு மாரி. குளம் நிரம்பும், இரவெல்லாம் தவளை கத்தும், வயல் பச்சையாகும். ஆன்மாக்களின் மாதத்தில் சேமக்காலைக்குப் போனால், கல்லறைகளைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கித் துப்புரவாக்கிய பிறகுதான் மெழுகுதிரி கொளுத்த இடம் கிடைக்கும். உலகம் பச்சை பிடிக்கும் மாதம் என்று உடம்பு பழகிப்போன அதே மாதத்தில், இங்கே மரங்கள் எலும்புபோல நிற்கின்றன. ஸ்னோ விழுந்தால் ஊர் வெளுத்து ஓர் அழகு வந்துவிடும். பிள்ளைகள் விளையாடுவார்கள், படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம். இலையும் இல்லாமல் ஸ்னோவும் இல்லாமல் கிடக்கும் இந்தச் சில கிழமைகளைத்தான் எவரும் படம் எடுத்து அனுப்புவதில்லை.

குளிரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒன்ராறியோ ஏரி கோடையில் வாங்கிய வெப்பத்தை மெதுவாகத்தான் விடுகிறது. அதனால் கரையோர ஊர்களில் கடுங்குளிர் உடனே வருவதில்லை, ஜனவரியில்தான் வரும். நவம்பரில் பூச்சியத்துக்கு மேலே இரண்டு மூன்று பாகையில், காற்றும் தூறலுமாக இருக்கும். “இது ஒரு குளிரா” என்று மெல்லிய உடுப்போடு வெளியே போவோம். ஆனால் வெப்பமானி பூச்சியம் காட்டும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஆறு ஏழு பாகைபோல இருக்கும். நனைந்த பருத்தி உடுப்பு உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். சூடு தருவது துணி அல்ல, துணிகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்றுத்தான். ஆகவே ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. உள்ளே வியர்வையை உறிஞ்சிவைக்காத துணி, நடுவில் கம்பளி, மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜக்கெற். கையுறையில் விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிட ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும் வகை கூடுதலாகச் சூடு தரும். விரல்களுக்கும் கூடி வாழ்ந்தால்தான் கோடி நன்மை!

இனி மனத்தைப் பற்றிப் பேசுவோம். தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் நகரத்தைச் சேர்ந்த நோர்மன் ரோசந்தால் என்ற மனநல வைத்தியர் 1976ஆம் ஆண்டு நியூயோர்க்குக்கு மேற்பயிற்சிக்கு வந்தார். வெயில் நாட்டிலிருந்து வந்த அந்த மனிதருக்குக் குளிர்காலம் வந்ததும் உற்சாகம் வடிந்துபோனது, இளவேனிலில் திரும்பி வந்தது. இது தம்முடைய சோம்பல் என்று அவர் தம்மைத் திட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை, ஆராய்ந்தார். 1984ஆம் ஆண்டு அவரும் உடன் ஆய்வாளரும் இந்தப் பருவகால மனச்சோர்வை ஒரு நோயாக விவரித்தார்கள். இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ தொடங்கும். நித்திரை கூடும், இனிப்பும் சோறும் கேட்கும், ஆட்களைப் பார்க்கப் பிடிக்காது, செபிக்கவும் பிடிக்காது. காலையில் அரை மணி நேரம் வெளியே நடப்பது பலருக்கு உதவும். 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டியின் முன் காலையில் அரை மணி நேரம் இருப்பதும் ஒரு சிகிச்சை, ஆனால் அதை வைத்தியரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். இன்னொன்று: இந்த அட்சரேகையில் குளிர்கால மாதங்களில் நமது தோல் வெயிலிலிருந்து போதிய விற்றமின் டி தயாரிப்பதில்லை. கறுத்த தோலுக்கு இன்னும் கூடுதலான வெயில் தேவை. அதையும் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்து பார்க்கிற நமக்கு இது பெரிய விடயம். குளிர்காலத்தில் தம்மைச் சோம்பேறி என்றும் விசுவாசம் குறைந்தவர் என்றும் குற்றம் சாட்டிக்கொள்வோர் பலர். எல்லாச் சோர்வும் பாவம் அல்ல. சிலவற்றுக்குப் பாவமன்னிப்பு வேண்டாம், வெளிச்சம் வேண்டும்.

இப்போது திருவிவிலியத்துக்கு வருவோம். திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமடலின் கடைசி அதிகாரத்தை இன்றிரவு ஒரு தடவை வாசியுங்கள். பவுல் உரோமையில் சிறையில் இருக்கிறார். சிலர் அவரைக் கைவிட்டுப் போய்விட்டார்கள், லூக்கா மட்டும் கூட இருக்கிறார். ஓட்டம் முடிந்தது, வெற்றி வாகை காத்திருக்கிறது என்ற உயர்ந்த பேச்சு நம் எல்லோருக்கும் தெரியும். இறுதிச் சடங்குகளில் அதை வாசிக்கிறோம். அதற்குச் சில வரிகள் கீழே இறங்கினால், துரோவா நகரில் கார்ப்பு என்பவரின் வீட்டில் விட்டு வந்த போர்வையை எடுத்துக்கொண்டு வரும்படி கேட்கிறார். இன்னும் கீழே, குளிர்காலம் தொடங்குமுன் வந்து சேரப் பார்க்கும்படி சொல்கிறார். இம்மடலைப் பவுலே எழுதினாரா, அவருடைய சீடர் ஒருவர் எழுதினாரா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள். குருமடத்தில் நாமும் அதைப் பக்கம் பக்கமாகப் படித்துப் பரீட்சை எழுதினோம். எவர் எழுதியிருந்தாலும், திருத்தூதரின் கடைசி விருப்பங்களுக்கு நடுவே ஒரு பழைய போர்வைக்கு இடம் இருப்பதைத் திருச்சபை அழிக்கவில்லை. இறைவாக்கு என்று அதையும் சேர்த்தே காத்து வந்திருக்கிறது.

குளிருக்கு முன் என்று ஏன் அவசரப்படுகிறார்? அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் கடல் மூடப்பட்டுவிடும். நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கப்பலோட்டத்துக்குக் கடல் அடைபட்டது என்று உரோமை எழுத்தாளர் வெகேசியுஸ் எழுதிவைத்திருக்கிறார். கடைசிக் கப்பலைத் தவறவிட்டால் போர்வையும் வராது, பிள்ளையும் வராது. பவுலுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. காலம் தப்பிக் கடலில் இறங்கிய கப்பலில் 276 பேரோடு போய், உடைந்து, மால்தா தீவில் கரையேறியவர் அவர். மழையிலும் குளிரிலும் நடுங்கி நின்ற அவர்களுக்குத் தீவு மக்கள் நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. வந்தவர்கள் யார், எந்தச் சமயம், கைதிகளா வணிகர்களா என்று அவர்கள் விசாரித்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நம்மவர் 150க்கும் மேற்பட்டோரை அந்த ஊர் மீனவர்கள் ஏற்றிக் கரைசேர்த்தபோதும் அப்படித்தான் நடந்தது. அவர்களும் மூன்று மாதத்துக்குள் கனடாவின் முதற் குளிரைச் சந்தித்தார்கள். கேட்டுப் பாருங்கள், கப்பலைப்போலவே அந்த முதல் நவம்பரையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பவுல் கேட்டார். நாம் கேட்பதில்லை. அதுதான் இந்த மறையுரையின் வருத்தம். ஊரிலே பத்துப் பேருக்குச் சோறு போட்ட வீட்டுப் பிள்ளை இங்கே வந்து இன்னொருவருடைய பழைய கோட்டுக்குக் கை நீட்டுவதா என்ற வெட்கம் நம்முடைய எலும்பில் ஊறியது. அந்த வெட்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் அதன் விலை என்ன என்று சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வருவார். எப்போதும் கடைசி வாங்கில், சுவரோரத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் இருப்பார். எல்லோரும் போன பிறகும் நெடுநேரம் அங்கேயே இருப்பார். நாம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு பெயர் சொல்லாமல் மறையுரையில் எடுத்துக்காட்டாகவும் சொன்னோம். பிறகு அவரைக் காணவில்லை. திருவருகைக் காலம் முழுவதும் காணவில்லை. ஜனவரியில் அவருடைய அறைத்தோழர் ஒருவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது. பகலில் படிப்பு, இரவில் துப்புரவு வேலை. இருந்தது ஒழுங்காகச் சூடு வராத ஒரு பேஸ்மென்ற் அறை. காலில் ஊரிலிருந்து போட்டுவந்த கன்வஸ் சப்பாத்து. நவம்பர் முடிவிலேயே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார். அம்மாவோடு வீடியோவில் பேசும் நேரம் மட்டும் தோழருடைய ஜக்கெற்றை வாங்கிப் போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறார்.

பிறகு வைத்தியரிடம் கூட்டிப் போனோம். இன்று வேறொரு நகரத்தில் நலமாக இருக்கிறார், நத்தாருக்கு வாழ்த்து அனுப்புவார். ஆனால் அந்த வருடம் நமது ஆலயக் களஞ்சிய அறையில் பதினொரு கோட்டுகள் எவரும் எடுக்காமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவரைக் கடந்து போன நாமும் கேட்கவில்லை.

விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் உண்டு. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால், சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் உடம்பை மூட வேறென்ன இருக்கிறது, எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று ஆண்டவரே கேட்கிறார். இந்த நாட்டில் சூரியன் எப்போது மறைகிறது என்று முன்பே சொன்னோம்.

இந்த வாரம் நாம் கொண்டாடும் மார்ட்டின், துடைப்பத்தோடு நிற்கிற மார்ட்டின் தெ போரஸ் அல்ல. அவருடைய திருநாள் நவம்பர் 3. இவர் நவம்பர் 11ஆம் திகதிக்குரிய தூர்ஸ் நகர் மார்ட்டின், நான்காம் நூற்றாண்டினர். இன்றைய ஹங்கேரியில் பிறந்து, படைவீரராய்ப் பிரான்சு நாட்டுப் பக்கம் வந்தவர். அவரும் ஊர்விட்டு ஊர் வந்தவர்தான். வழமையைவிடக் கொடிய ஒரு குளிர்காலம். பலர் குளிரால் இறந்துகொண்டிருந்தார்கள். அமியேன் நகர வாயிலில் உடுப்பில்லாத ஓர் ஏழையைக் கண்டு, வாளால் தம் போர்வையை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தார். அன்றிரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதிப் போர்வையோடு தோன்றினார் என்பது நாம் சிறுவயதில் படித்த கதை. அவருடைய வரலாற்றை எழுதிய சுல்பீசியுஸ் செவெருஸ் இன்னொன்றும் சொல்கிறார், அதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. மீதிப் பாதியைப் போர்த்துக்கொண்டு நின்ற மார்ட்டினைப் பார்த்துச் சுற்றி நின்ற சிலர் சிரித்தார்கள். வேறு சிலரோ, தங்களிடம் அதைவிட அதிகம் இருந்ததே, வெட்டாமலே கொடுத்திருக்கலாமே என்று வருந்தினார்கள். அப்போது மார்ட்டின் திருமுழுக்குப் பெற்றிருக்கவும் இல்லை, அதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். வெட்டிய போர்வையை உடுத்திக்கொண்டு நிற்பதிலும் ஒரு வெட்கம் இருக்கிறது. கேட்பவருடைய வெட்கத்தில் பாதியைக் கொடுப்பவர் அப்படி எடுத்துக்கொண்டார்.

அந்தப் போர்வையைப் பின்னாளில் பிராங்க் மன்னர்கள் திருப்பண்டமாகக் காத்தார்கள். போர்வைக்கு இலத்தீனில் கப்பா என்று பெயர். அது வைக்கப்பட்ட இடத்துக்கு வழங்கிய கப்பெல்லா என்ற பெயரிலிருந்தே ஆங்கிலத்தில் சிற்றாலயத்தைக் குறிக்கும் சப்பல் என்ற சொல் வந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தூர்ஸ் ஆயர் பெர்பெத்துவுஸ், மார்ட்டின் திருநாள் முதல் நத்தார் வரை கிழமைக்கு மூன்று நாள் நோன்பிருக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினார். இன்று நாம் கடைப்பிடிக்கும் திருவருகைக் காலத்தின் வேர்களில் ஒன்று அது. பகல் குறையத் தொடங்கிய பிறகு, இருட்டு இன்னும் கூடும் என்று தெரிந்தே திருச்சபை காத்திருக்கத் தொடங்குகிறது.

இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த அம்மம்மாமார், அப்பம்மாமார். கோடையில் பூங்காவில் கூடிக் கதைத்தவர்கள் நவம்பரோடு வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். வழுக்கி விழுந்துவிடுவார் என்று பிள்ளைகளுக்குப் பயம், நியாயமான பயந்தான். ஒரு தாய் சொன்னார்: “சுவாமி, காலமை எல்லாரும் போயிடுவினம். பிள்ளையள் வாறதுக்குள்ளை இருட்டிப்போடும். நான் லைற்றைப் போட்டிட்டு, ஊரிலை இருக்கிற தங்கச்சிக்கு ரெலிபோன் எடுப்பன். அவை அப்ப நித்திரை.” பத்தரை மணி நேர வித்தியாசத்தில் ஊருக்கும் எடுக்க முடியாத அந்த மாலையில் அவரோடு யார் இருக்கிறார்கள்? காரோட்டத் தெரிந்த நாம், புதன்கிழமை நவநாளுக்கு வரும்போது வழியில் ஒரு வீட்டு மணியை அடித்தால் என்ன?

சில காரியங்களைத் தாமதமின்றிச் சொல்லிவிடுகிறோம். வாடகை வீட்டில் சூட்டை வீட்டுக்காரர் கட்டுப்படுத்துவதாக இருந்தால், குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரச் சட்டம். இல்லையென்றால் 311க்கு முறையிடலாம். சூடு போதவில்லை என்று கரியடுப்பையோ வெளியே பாவிக்கும் காஸ் அடுப்பையோ அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட் நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும். பேதுருவும் கரி நெருப்பில் குளிர்காய்ந்தார், ஆனால் அது திறந்த முற்றம். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறவர்கள் 988 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். பங்குமனையையும் அழைக்கலாம், நடுச்சாமம் என்று யோசிக்க வேண்டாம்.

இந்த ஞாயிறு திருப்பலிகளுக்குப் பிறகு ஆலய மண்டபத்தில் கோட்டுகள் கொடியில் தொங்கும். சென்ற வருடம் வாசலில் மேசை போட்டு, எடுத்தவர்களின் பெயரை எழுதினோம். அது நமது பிழை. இம்முறை மேசையும் இல்லை, கொப்பியும் இல்லை. பக்கக் கதவு திறந்திருக்கும், அளவு பார்க்க ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும். வரத் தயங்குகிறவர்களுக்காக அவர்களுடைய நண்பர்கள் எடுத்துச் செல்லலாம், யாருக்கு என்று கேட்கமாட்டோம். பெண்களுக்கான குளிர்காலச் சப்பாத்துகள், 6 முதல் 8 வரையான அளவுகளில், குறைவாக இருக்கின்றன. வீட்டில் மேலதிகமாக இருந்தால் சனிக்கிழமை மாலைக்கு முன் கொண்டுவந்து தாருங்கள்.